பேதி: ஒரு மருந்துச் சொல்லின் வரலாறு

குடலைச் சுத்தம் செய்வதற்காக உட்கொள்ளப்படும் மருந்தைத் தமிழ் வழக்கு நெடுங்காலமாகப் பேதி மருந்து என்றே சுட்டிவந்துள்ளது. பிளத்தல், உடைத்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து பிறந்த இச்சொல், வேற்றுமையைக் குறிக்கும் பேதத்துக்கும், அரசியல் உபாயங்கள் நான்கனுள் பகைவரைப் பிரித்தாளும் பேதத்துக்கும் உறவுடையது. இறுகிய மலத்தை உடைத்து வெளியேற்றுவது என்பதே மருத்துவத்தில் அது ஏற்ற பொருள்.

இடைக்கால வடமொழி மருத்துவ நூலான சார்ங்கதர சம்ஹிதையில் இப்பொருள் மிகவும் குறுகியது. அந்நூல் கழிச்சல் மருந்துகளைச் செயல்படும் முறைகொண்டு நான்காகப் பகுத்து, கடுக்காயை அனுலோமனத்துக்கும், சரக்கொன்றையை ஸ்ரம்சனத்துக்கும், கடுகுரோகிணியைப் பேதனத்துக்கும், சிவதையை ரேசனத்துக்கும் சான்றாகக் காட்டுகிறது. கட்டியாக உருண்ட மலத்தை உடைப்பது மட்டுமே அங்குப் பேதனம். தமிழிலோ இந்த நுண்ணிய வரம்புகள் கரைந்து, விளக்கெண்ணெய் முதல் கடுமையான நேர்வாளம் வரை அனைத்தும் பேதி என்னும் ஒரே குடைக்கீழ் வந்தன.

இதனைச் சொல்லின் தேய்வாகக் கொள்ளுதல் பொருந்தாது; ஏனெனில் சித்த மருத்துவம் பேதியை நோய்க்குரிய மருந்தாக மட்டுமன்றி, நோய் வராமல் காக்கும் ஒழுக்கமாகவும் வளர்த்தெடுத்தது. தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்தையும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்தையும் உட்கொள்ளுமாறு வகுக்கிறது. வடமொழி மரபு விரேசனத்தை, அதாவது பேதியாகச் செய்யும் சிகிச்சையை, முதன்மையாகப் பித்தத்துக்கு உரியதாகக் கொள்ள, சித்தர் மரபு அதனால் தாழ்வது வாதமே என்கிறது. சொல் வடக்கிலிருந்து வந்தாலும் கோட்பாடு அப்படியே பெயர்த்தெடுக்கப்படவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மருந்தின் பெயரே அதன் விளைவுக்கும், பின்னர் நோய்க்கும் பெயரானது இச்சொல்லின் மற்றொரு திருப்பமாகும். 1817இல் வங்காளத்திலிருந்து பரவத் தொடங்கி, பின்னர் தமிழகத்தையும் பலமுறை சூறையாடிய காலராவை மக்கள் வாந்திபேதி என்றனர். உடலைக் காக்கும் இரு சிகிச்சைகளின் பெயர்கள் இணைந்து உயிரைப் பறிக்கும் கொள்ளைநோயைக் குறித்தன.

பிற்கால அறிவியல் தமிழ் மலமிளக்கி என்ற சொல்லை வழங்கியபோது, உடைத்தல் என்ற பழைய கருத்து இளக்குதல் என்று மென்மையாயிற்று. ஆயினும் பேச்சு வழக்கு பேதியைக் கைவிடவில்லை. குழந்தைக்குப் பேதியாகிறது என்றால் நோயும், பேதிக்குக் கொடுத்தார்கள் என்றால் மருந்தும் என்று, உடன்வரும் வினையைக் கொண்டே கேட்போர் பிரித்தறிகின்றனர்.