புகைவழிக்குள் ஒரு குழாய்: இங்கிலாந்து, வட அமெரிக்க வீடுகளில் சிம்னி லைனரும் ஆயத்தக் கணப்பும்

வெளியே செங்கல் நேராக நிற்பதை வைத்துப் புகைபோக்கி நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் பழைய வீடு வாங்குகிறவர்கள் கூரையை ஏறிப் பார்ப்பார்கள், நிலவறையில் ஈரம் கசிகிறதா என்று தேடுவார்கள். புகை போகும் வழியின் உட்சுவரைப் பார்க்கக் கேட்பவர் மிகச் சிலர். கட்டடக்கலை வரலாறு எழுதியவர்களும் பெரும்பாலும் இப்படித்தான். கணப்பின் முகப்புப் பளிங்குக்கும் செதுக்குவேலைக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்துவிட்டு, புகைவழியை ஓரிரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

இக்கட்டுரை அந்த உட்சுவரின் கதையைப் பின்தொடர்கிறது. எரிபொருளும் அடுப்பும் தலைமுறைக்குத் தலைமுறை மாறின. அவற்றின் புகையை ஏற்கும் செங்கல் கூண்டு மட்டும் அப்படியே நின்றது. இந்தப் பொருத்தமின்மையைச் சரிக்கட்ட வந்ததே லைனர் என்னும் உள்குழாய் என்பது முதல் வாதம். தொழிற்சாலையில் உலோகப் பெட்டியாகவே செய்து வரும் ஆயத்தக் கணப்பு, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியபோது, இப்படிச் சரிக்கட்டும் வழியையே அடைத்துவிட்டது என்பது இரண்டாவது.

சாணப்பூச்சும் சுடுமண்ணும்

1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் லண்டனை மீண்டும் கட்ட 1667இல் இயற்றப்பட்ட சட்டம், புகைவழிக்குள்ளும் அதை ஒட்டியும் மரம் வைப்பதைக் கட்டுப்படுத்தியது. மரத்தை எட்ட வைத்தாயிற்று. உட்சுவரை என்ன செய்வது? கொத்தனார்களின் விடை சுண்ணாம்புச் சாந்தில் மாட்டுச்சாணம் கலந்த பூச்சு. சாணத்திலுள்ள நார் சாந்தைப் பிடித்துக்கொள்ளும். பூச்சு காயும்போதும் சூடேறும்போதும் வெடிப்பதைக் குறைக்கும். நம்மூர்த் தரை மெழுகியவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. யாரும் கொண்டாடாத இந்தப் பூச்சுதான் இங்கிலாந்தில் பல தலைமுறைகளுக்கு லைனராக இருந்தது.

நிலக்கரி வந்தபோது பூச்சின் ஆயுள் குறைந்தது. கரிப்புகையிலுள்ள கந்தகம் ஈரத்துடன் சேர்ந்து சுண்ணாம்பை அரித்தது. கரிக்கு அகலமான வழி தேவைப்படாததால் புகைவழிகள் ஒடுங்கி, ஒரே சுவருக்குள் வளைந்து நெளிந்து ஏறின. 9 அங்குலச் சதுரமே இருந்த வழிகளில் கரி சுரண்டச் சிறுவர்களை ஏற்றினார்கள். அவர்களுக்கு வந்த விதைப்பைப் புற்றுநோயைப் பெர்சிவல் பாட் 1775இல் பதிவுசெய்தார். 1788 முதல் சட்டம்மேல் சட்டம் வந்தும், 1875ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்தக் கொடுமைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அந்தக் கதை பலராலும் எழுதப்பட்டுவிட்டது. இங்கே வேண்டியது, புகைவழி ஒரு குழந்தையின் தோள் அளவுக்குச் சுருங்கியிருந்தது என்ற செய்தி மட்டும்.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டு வீடுகள் பலவற்றில் புகைபோக்கி ஒற்றைச் செங்கல் கனத்தில், உள்ளே எதுவுமில்லாமல் எழுந்தது. சுடுமண் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுற்றிலும் செங்கல் வைக்கும் முறை 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவலாயிற்று. இதைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களில் தீக்காப்பீட்டுக்காரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. தீக்காப்பீட்டு நிறுவனங்களின் தேசிய வாரியம் 1905இல் மாதிரிக் கட்டட விதிகளை வெளியிட்டது. நட்டம் கொடுப்பவன்தான் முதலில் கணக்குப் பார்ப்பான். 1940களிலும் மீண்டும் 1980களிலும் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனம் செய்த சோதனைகள், லைனர் இல்லாத புகைபோக்கி கட்டுவது ஏறத்தாழக் குற்றச்செயல் என்று ஆய்வாளர்களே சொல்லும் அளவுக்குப் போயின. அச்சோதனைகளில், லைனர் இல்லாத செங்கல் வழியே வெப்பம் கடந்து, ஒட்டியிருந்த மரம் மூன்றரை மணி நேரத்தில் தீப்பிடித்தது.

சுடுமண் குழாய்க்கும் ஒரு பலவீனம் உண்டு. உள்முகம் திடீரென்று சூடேறி விரியும். வெளிமுகம் குளிர்ந்தே இருக்கும். அந்த இழுவையில் குழாய் நெடுக்காக வெடிக்கும். இரண்டடி நீளத் துண்டுகளுக்கு நடுவே உள்ள சாந்து உதிர்ந்தால் அங்கும் இடைவெளி. சாதாரணக் கணப்புத் தீயில் இது மெல்ல நடக்கும். புகைவழிக்குள்ளேயே தீப்பற்றினால் சில நிமிடங்களில் நடந்துவிடும்.

சிக்கனம் செய்த சேதம்

புகைவழிக்குள் தீ பற்றுவது 1970களில் அமெரிக்காவில் பெருகியதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமில்லை, சிக்கனமும்தான். 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மக்கள் விறகுக்குத் திரும்பினார்கள். காற்றுப் புகாத வார்ப்பிரும்பு அடுப்புகள் சந்தையில் குவிந்தன. வெர்மான்ட் காஸ்டிங்ஸ் 1975இல் தொடங்கியது இந்த அலையில்தான். காற்றைக் குறைத்து இரவு முழுக்கக் கனன்று எரியும்படி செய்யப்பட்டவை அவை. வீட்டுக்குச் சூடு கூடியது, புகைக்குச் சூடு குறைந்தது.

கணக்கு எளிது. அடுப்பின் புகைவாய் 6 அங்குல விட்டம், அதாவது 28 சதுர அங்குலம். அதை இணைத்த பழைய கணப்பின் புகைவழி 11 அங்குலச் சதுரம் என்றால் 121 சதுர அங்குலம். நான்கு மடங்குக்கு மேல் அகன்ற வெளியில் நுழைந்த புகை வேகம் இழக்கிறது, குளிர்கிறது, சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதும் எரியாமல் மிஞ்சிய தார்ப்பொருள்கள் சுவரில் படிகின்றன. இந்தக் கிரியோசோட் முதலில் பொடியாக இருக்கும், பிறகு செதிளாகும், கடைசியில் கண்ணாடிப் பூச்சுப்போல இறுகிவிடும். அது பற்றிக்கொண்டால் வெப்பம் 1,100 டிகிரியைத் தொடலாம். அமெரிக்காவின் தீத்தடுப்பு விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 211, புகைவழியின் பரப்பு அடுப்பின் புகைவாயைப் போல மூன்று மடங்குக்கும், வெளிச்சுவரில் நிற்கும் புகைபோக்கியில் இரண்டு மடங்குக்கும் மிகக்கூடாது என்று வகுத்ததன் பின்னணி இதுதான்.

மறைந்துபோனதாகக் கருதப்பட்ட புகைபோக்கி துப்புரவுத் தொழிலுக்கு இந்தப் பத்தாண்டில் மறுவாழ்வு கிடைத்தது. தேசியப் புகைபோக்கி துப்புரவாளர் சங்கம் 1977இல் உருவானது. அதன் உறுப்பினர்கள் உள்ளே கண்டதை வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்ல, எஃகு லைனருக்கு ஒரு சந்தை பிறந்தது; லைனர்களுக்கென யுஎல் 1777 என்ற பாதுகாப்புத் தரமும் வந்தது.

இங்கிலாந்து வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1952 டிசம்பர்ப் புகைமூட்டமும் அதைத் தொடர்ந்த 1956ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டமும் நிலக்கரியை வீட்டிலிருந்து விரட்டத் தொடங்கின. 1965ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் புதிய புகைபோக்கிகளுக்கு லைனரைக் கட்டாயமாக்கின. பழைய வீடுகளுக்கோ எரிவாயு வந்தது. ஒரு கன மீட்டர் மீத்தேன் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். குளிர்ந்த, அகன்ற, பழைய கரி ஊறிய புகைவழியில் அது மீண்டும் நீராகிச் சுவரில் வழிந்தது. கரி விட்டுப்போன கந்தக உப்புகள் கரைந்து சாந்துக்குள் இறங்க, சாந்து உப்பியது. மழை அடிக்கும் பக்கம் அதிகம் நனைவதால் அந்தப் பக்கத்துச் சாந்து அதிகம் விரிந்து, புகைபோக்கி எதிர்ப்பக்கம் சாய்கிறது. ஆங்கிலேய நகரங்களின் கூரைகளில் ஒரே திசையில் சாய்ந்து நிற்கும் புகைபோக்கிகள் பலவற்றுக்குக் காரணம் இந்த வேதியியல்.

அமெரிக்காவில் இதன் மறுபதிப்பு 1990களில் நடந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி 1992 முதல் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு உலைகள் குறைந்தது 78 விழுக்காடு திறன் காட்ட வேண்டியிருந்தது. அதைவிடத் திறன் மிகுந்தவை புகைபோக்கியே வேண்டாம் என்று பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பக்கச் சுவரில் புகை விட்டன. அதுவரை உலையோடு புகைபோக்கியைப் பகிர்ந்துகொண்டிருந்த தண்ணீர் ஹீட்டர் மட்டும் தனியே விடப்பட்டது. தொழில் வட்டாரத்தில் அதற்கு அநாதை ஹீட்டர் என்று பெயர். அந்தச் சிறு சூடு பெரிய புகைவழியை இழுக்கப் போதாது. கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும் ஆபத்து உண்டு. புதிய உலை வாங்கியவர் பலருக்கு, லைனர் செலவு சேர்த்துச் சொல்லப்படாத இரண்டாவது விலையாக வந்தது.

வேலை நடக்கும் விதம்

லைனர் போடும் வேலை பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். முதலில் துப்புரவு, பிறகு கேமரா. கம்பியின் நுனியில் விளக்கோடு இறங்கும் கேமரா, சுடுமண் இணைப்பு ஒவ்வொன்றிலும் நின்று சுற்றிப் பார்க்கும். இடம் போதாவிட்டால், சுழலும் கருவியை மேலிருந்து இறக்கிப் பழைய சுடுமண்ணை உடைத்துக் கீழே வாரியெடுக்கிறார்கள். பிறகு நெளிவுகள் கொண்ட துருப்பிடிக்காத எஃகுக் குழாயைக் கூரைமேல் நீட்டிப் போட்டு, வெள்ளைப் பீங்கான் நார்ப் போர்வையைச் சுற்றி, அது கிழியாமலிருக்கக் கம்பிவலை உறை மாட்டுகிறார்கள். குழாயின் நுனியில் கூம்பு, கூம்பில் கயிறு. ஒருவர் மேலிருந்து இறக்க, கணப்புக்குள் குனிந்திருப்பவர் கயிற்றை இழுத்து வழிகாட்டுவார். டேம்பர் என்னும் தடுப்புத் தகட்டு வாயில் வந்ததும் குழாய் சிக்கும். அதைத் தட்டி நீள்வட்டமாக்குவதா, தடுப்பின் சட்டத்தை வெட்டுவதா என்பதில்தான் அரைநாள் போகும்.

போர்வையை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் இறக்கித் தருபவர்களும் உண்டு, விலை குறையும் என்று. அது பாதி வேலைதான். புகையைச் சூடாக வைத்திருப்பதும், பழைய வீட்டில் செங்கல்லை ஒட்டிக் கிடக்கும் மரச்சட்டத்தைக் காப்பதும் அந்தப் போர்வையே.

உலோகமும் எரிபொருளைப் பொறுத்தது. விறகுக்கு 316 வகை எஃகு போதும். கரியும் எரிப்பவர்களுக்கு இங்கிலாந்தில் 904 வகையைப் பரிந்துரைக்கிறார்கள். குளிர்காலம் முடிந்து கரிப்படிவை அகற்றாமல் விட்டால், கோடை ஈரத்தில் அது அமிலமாகி எஃகையே தின்னும். எஃகுக்கு மாற்றாக, புகைவழிக்குள் ரப்பர்க் குழாயை ஊதி நிறுத்தி அதைச் சுற்றி இலேசான கான்கிரீட்டைப் பாய்ச்சும் முறையும் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போனது. நொய்ந்த சுவருக்கு அது உள்ளிருந்தே பலம் தரும்.

ஆயத்தக் கணப்பு

கணப்பின் சுவரை உள்ளீடற்றதாக்கிக் காற்றைச் சூடேற்றலாம் என்று 1713இல் நிக்கோலா கோஜே எழுதினார். பெஞ்சமின் பிராங்க்ளினின் பென்சில்வேனியக் கணப்பு அந்தச் சிந்தனையின் வழிவந்தது. 1927இல் தொடங்கிய ஹீட்டிலேட்டர் நிறுவனம், இரட்டைச் சுவர் கொண்ட எஃகுக் கூட்டை விற்றது. அதைச் சுற்றிக் கொத்தனார் செங்கல் வைக்க வேண்டும். இதுவரை சுவருக்குள் விட்ட இடைவெளியின் நோக்கம் வெப்பத்தைப் பிடிப்பது.

போருக்குப் பின் புறநகர்களில் வரிசை வரிசையாக மரச்சட்ட வீடுகள் எழுந்தபோது நோக்கம் தலைகீழானது. பல டன் செங்கல்லுக்கு அடித்தளம் போட நேரமுமில்லை, கொத்தனாருமில்லை. எஃகுப் பெட்டியின் சுவர்களுக்கிடையே காற்று ஓடி வெளிப்புறத்தைக் குளிரவைத்தால், அதை மரத்தரையிலேயே வைத்து மரச்சட்டத்தை அருகிலேயே நிறுத்தலாம். கோஜே வெப்பத்தைச் சேர்க்க வைத்த இடைவெளி, வெப்பத்தை அப்புறப்படுத்தும் இடைவெளியாயிற்று. மேலே இரட்டை, மும்மடிச் சுவர்க் குழாய், அதைச் சுற்றிப் பலகையடித்த மரக்கூண்டு, உச்சியில் தகர மூடி. 1994 ஜனவரியில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான செங்கல் புகைபோக்கிகள் சேதமடைந்தபின் இந்த இலகுவான கட்டமைப்புக்கு இன்னொரு நியாயமும் கிடைத்தது.

பிழை வடிவமைப்பில் அதிகமில்லை. இது பொருளாக விற்கப்பட்டு, கட்டடமாக நினைக்கப்பட்டதே சிக்கல். தகர மூடியில் மழைநீர் தேங்கித் துரு ஓட்டையிட்டு, தண்ணீர் குழாயின் வெளிப்புறமாக ஒழுகிப் பெட்டியின் தலையில் விழும். உள்ளே செங்கல்போல அச்சிட்ட தீத்தாங்கிப் பலகைகள் வெடிக்கும். வீட்டுக்காரர் அழகுக்காகக் கல் பதித்துக் காற்றுத் துளைகளை மூடுவார். அல்லது குளிர் வருகிறதென்று இடைவெளியில் பஞ்சு அடைப்பார். குளிர்விக்கும் காற்று நின்றால் மரம் ஆண்டுக்கணக்கில் மெல்ல வறுபடுகிறது. வறுபட்ட மரம் புதுமரத்தைவிடக் குறைந்த சூட்டில் பற்றும்.

இங்கே லைனர் கைகொடுப்பதில்லை. பெட்டியும் குழாயும் யுஎல் 127 தரத்தின்கீழ் ஒரே தொகுதியாகச் சோதித்துச் சான்றளிக்கப்பட்டவை. ஒரு நிறுவனத்தின் பெட்டியில் இன்னொன்றின் குழாயை மாட்டினால் சான்று போய்விடும். குழாய்க்குள் எஃகு லைனரை இறக்கினால், இரு சுவர்களுக்கிடையே ஓடும் காற்றின் கணக்கு கெடக்கூடும். தயாரித்தவர் அதை அனுமதித்திருந்தால் மட்டுமே செய்யலாம். உள்ளே விறகடுப்பைச் செருகுவதும் அப்படியே. இன்றைய விறகடுப்புக் குழாய்கள் 2,100 ஃபாரன்ஹீட், அதாவது 1,149 செல்சியஸ் வெப்பத்தைப் பத்து நிமிடம் வீதம் மூன்று முறை தாங்கிக் காட்ட வேண்டும். பழைய ஆயத்தக் கணப்புகளின் குழாய்கள் பெரும்பாலும் அந்தத் தரத்துக்குச் செய்யப்படவில்லை. பலகையும் மூடியும் கிடைத்தால் மாற்றலாம். பெட்டியின் எஃகு துளைத்துவிட்டாலோ, தயாரித்த நிறுவனம் மூடப்பட்டிருந்தாலோ, சுவரை உடைத்துப் பெட்டி முதல் உச்சி மூடி வரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதைத் தவிர வழியில்லை. முந்நூறு ஆண்டுச் செங்கல் புகைபோக்கி இன்னும் பழுதுபார்க்கத்தக்கது. 1978இல் வைத்த பெட்டி பல வேளைகளில் அப்படியில்லை. விலையும் வேகமும் பார்த்த காலத்தில் இந்த வேறுபாட்டை வாங்குகிறவர்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதே என் குறை.

டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் நியூ ஜெர்சியிலும் 1960கள், 70களில் கட்டிய வீடுகளை வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்று பல. ஒன்டாரியோவில் விறகுக் கணப்பு உள்ள வீட்டுக்கு விறகு எரிசாதனங்களுக்கான வெட் (WETT) சான்றுபெற்ற பரிசோதகரின் அறிக்கையைக் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்பது வழக்கம். கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். செங்கல் கணப்பென்றால் புகைவழிக்குள் கேமரா இறக்கிய படங்களைப் பாருங்கள். உலோகப் பெட்டியென்றால் உள்விளிம்பில் ஆணியடித்த சிறு தகடு கரி படிந்து கிடக்கும். துணியால் துடைத்து, நிறுவனப் பெயரையும் மாடல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கு உதிரிப்பாகம் கிடைக்காதென்றால், கணப்பை மாற்றும் முழுச் செலவையும் வீட்டு விலையில் கழிக்கச் சொல்லிப் பேசுங்கள்; அதுவரை அதில் தீ மூட்டாதீர்கள்.