பாகப் பத்திரத்தில் ஒரு மூதாட்டி

நம் குடும்பங்கள் பலவற்றில் ‘ஷஜரா’ எனப்படும் வமிசாவளி போற்றிக் காக்கப்பட்டு வருகிறது. தந்தை, அவர்தம் தந்தை, அவருக்கும் தந்தை என ஏறிச் செல்லும் அவ்வரிசையில் பெண்களின் பெயர் அருமையாகவே தென்படும். ஈன்ற தாய் யார், உடன்பிறந்த சகோதரிகள் எத்தனை பேர் என்னும் வினாக்களுக்கு அங்கே விடை கிடைப்பதில்லை.

இஸ்லாமிய வரலாற்று மரபு இத்தகையதன்று. இப்னு ஸஃது (ரஹ்) தமது ‘தபகாத்’ நூலின் இறுதிப் பகுதியைப் பெண்மணிகளுக்கென்றே ஒதுக்கினார். கெய்ரோவில் பிறந்து ஹிஜ்ரி 902-இல் (கி.பி. 1497) மறைந்த இமாம் ஸகாவீ (ரஹ்), தம் நூற்றாண்டுப் பெருமக்களின் வரலாற்றைப் 12 பாகங்களில் வரைந்தார், அதன் கடைசிப் பாகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பதிவு செய்தார்.

வமிசாவளியில் காணக் கிடைக்காத மூதாட்டியை வேறு எங்கே தேடுவது? ஷரீஅத் அவருக்கு உரிமை வழங்கிய இடங்களில் தேட வேண்டும்.

முதலாவது, நிக்காஹ் தப்தர். மணமகளின் பெயரும், ‘பின்த்’ என்ற சொல்லை அடுத்து அவர் தந்தையின் பெயரும், மஹர்த் தொகையும் அதில் இடம்பெறும். நிக்காஹ் ஆனதும் தந்தை பெயரைக் கைவிட்டுக் கணவன் பெயரைச் சூடிக்கொள்ளும் வழக்கம் நம் மார்க்கத்தில் இல்லை. ஆகவே அந்த ஒரு வரி நம்மை இன்னொரு தலைமுறைக்கு அழைத்துச் செல்கிறது. வலீ யார் என்பதையும் ஊன்றி நோக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின்படி தந்தைக்கே முதல் உரிமை. அடுத்துத் தந்தையின் தந்தைக்கு. அதன் பின்னரே உடன்பிறந்த சகோதரருக்கு. சகோதரர் வலீயாக நின்றதாக எழுதப்பட்டிருப்பின், தந்தையும் பாட்டனாரும் அதற்கு முன்பே மறைந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

காலத்தைக் கணிப்பதிலும் கவனம் தேவை. ஹிஜ்ரி 1300 என்பது 1882 நவம்பரில் தொடங்கி 1883 அக்டோபர் இறுதியை ஒட்டி முடிந்தது. அதே பத்திரத்தில் ‘சித்திரபானு’ எனத் தமிழாண்டும் குறிக்கப்பட்டிருந்தால், 1882 நவம்பருக்கும் 1883 ஏப்ரலுக்கும் இடைப்பட்ட காலம் என்று உறுதி செய்யலாம்.

இரண்டாவது, பாகப் பத்திரம். பெயர் மறைந்துபோன பெண்ணையும் இங்கே கணக்கு காட்டிக்கொடுக்கும். பெற்றோரை முன்பே இழந்த ஒருவர், மனைவியையும் மக்களையும் விட்டு மறைந்தார் எனக் கொள்வோம். சொத்து 40 பாகமாக்கப்பட்டு, மனைவிக்கு 5, புதல்வர் இருவருக்கும் தலைக்கு 14 என எழுதப்பட்டிருக்கிறது. கூட்டினால் 33. எஞ்சிய 7 யாருடையது? புதல்வர் இருவர் மட்டுமே இருந்திருந்தால் 16 பாகம் போதும். மனைவிக்கு 2, மைந்தர்க்கு 7 வீதம். 40 எனப் பகுத்ததே ஒரு புதல்வி இருந்தார் என்பதற்குச் சான்று. ஆண்மகன் பங்கில் சரிபாதியான அந்த 7, அவருடைய ஹக்கு. இவ்வாறே மக்கள் உள்ள ஒருவரின் மனைவிக்கு எட்டில் ஒன்றுக்குப் பதிலாகப் பதினாறில் ஒன்று குறிக்கப்பட்டிருந்தால், அதனைப் பகிர்ந்துகொண்ட இன்னொரு மனைவியும் இருந்தார் என்பது பெறப்படும்.

மூன்றாவது, வீட்டுப் பத்திரம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வதும் நெடுநாளைய வழக்கம். எனவே அவ்வூர்களில் வீட்டின் கைமாற்றத்தைப் பின்தொடர்ந்தால், மகள், தாய், பாட்டி என்று தாய்வழி வரிசையே புலப்படக் கூடும்.

இத்தேடலைப் பழம்பெருமை பேசும் பொழுதுபோக்காக எண்ணிவிடலாகாது. அந்த 7 பாகம் எங்கே போயிற்று? அதற்கீடாக வீடு கொடுக்கப்பட்டதா? அவரே மனமுவந்து விடுதலைப் பத்திரம் எழுதினாரா? அன்றி, சகோதரர் கையிலேயே தங்கிவிட்டதா? காலம் கடந்துவிட்டதால் அல்லாஹ்விடத்தில் ஒருவருடைய ஹக்கு அழிந்துவிடுவதில்லை. மறுக்கப்பட்ட பங்கு, அவர்தம் வாரிசுகளுக்குச் சேர வேண்டிய அமானிதமாகவே நிற்கிறது.

ஆதலின், பெட்டகத்தில் கிடக்கும் பழைய ஏடுகளைக் கறையானுக்கும் காகித வியாபாரிக்கும் விடும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். அரபுத் தமிழில் இருப்பின் அதை அறிந்த முதியவர் இருக்கும்போதே படிக்கச் செய்து படியெடுங்கள். கண்டெடுத்த மூதாட்டியின் பெயரை ஷஜராவில் உரிய இடத்தில் எழுதுங்கள். அவர் பங்கு அவரைச் சேரவில்லை எனத் தெரியவந்தால், அவர் வழி வந்தோரைத் தேடிச் சென்று கணக்குத் தீர்ப்பதும் நம் கடமையே.