ஜின்செங்கைக் கண்டுபிடித்தது யார்?

ஜின்செங் என்றாலே கொரியா, சீனா என்றுதான் நானும் நினைச்சிட்டிருந்தேன். வட அமெரிக்கக் காடுகளிலும் அதே இனத்தைச் சேர்ந்த ஒரு செடி உண்டு என்று தெரிந்ததும், அதன் கதையைத் தேடிப் படித்தேன்.

மேப்பிள் மர நிழலில் ஒன்றரை அடிக்குள் வளரும் செடி. பூ பச்சை கலந்த வெள்ளை. சட்டுனு கண்ணில் படாது. பழுத்தால் சிவப்பு. மருந்து இருப்பது வேரில்.

1711இல் சீனாவிலிருந்து ஜார்த்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார் ஜின்செங் பற்றி ஒரு கடிதம் எழுதினார். கனடாவிலும் அது இருக்கலாம் என்பது அவர் ஊகம். மாண்ட்ரீல் அருகே மோஹாக் மக்களிடையே பணியாற்றிய லஃபித்தோ பாதிரியார் அதைப் படித்துவிட்டுத் தேடத் தொடங்கினார். 1716இல் செடி கிடைத்தது. வரலாற்று நூல்கள் இதைத்தான் 'லஃபித்தோவின் கண்டுபிடிப்பு' என்கின்றன.

ஆனா அவரே எழுதியதைப் பாருங்க. செடியைத் தேட ஒரு மோஹாக் பெண்ணை அமர்த்தியிருந்தார். அவர் காட்டிய செடியைப் பார்த்ததுமே, "இது எங்கள் வழக்கமான மருந்துதான்" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். பல மாதங்களாக விட்டுவிட்டு வந்த காய்ச்சலுக்கு அந்த வேரைக் கல்லில் நசுக்கி, ஊறவைத்த தண்ணீரைக் குடித்தாள். குணமானது என்று பதிவு செய்கிறார். மோஹாக் மொழியில் செடிக்குப் பெயரும் இருந்தது: 'கரெந்தோகுவென்'.

அப்புறம் வியாபாரம். வேர் சீனாவுக்குக் கப்பலேறியது. விலை ஏற ஏறக் காட்டையே தோண்டினார்கள். 1752 வாக்கில் பருவம் வருமுன்பே பிடுங்கி, அவசரமாக அடுப்பில் உலர்த்தி அனுப்பியதில் சீன வணிகர்கள் நம்பிக்கை இழந்தார்கள். கனடிய வியாபாரம் படுத்தது. 1784இல் அமெரிக்காவிலிருந்து சீனாவுக்கு முதன்முதலில் சென்ற 'எம்ப்ரஸ் ஆஃப் சைனா' கப்பலிலும் ஏறக்குறைய 30 டன் ஜின்செங் போனது. ஒரு செடி வேர்விட்டு முற்றப் பல வருஷம் ஆகும். பிடுங்க ஒரு நிமிஷம் போதும். 1975 முதல் சர்வதேச ஒப்பந்தம் ஒன்றின் கீழ் இதன் வணிகம் கண்காணிக்கப்படுகிறது.

லஃபித்தோ செடிக்கு வைத்த லத்தீன் பெயர் 'ஆரேலியானா'. ஓர்லியான் பிரபுவைக் கௌரவிக்க. பார்த்ததுமே அடையாளம் சொன்ன அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் அவர் எழுதி வைக்கவில்லை. 'கண்டுபிடித்தார்' என்று இனி எங்காவது படித்தால், அவளைத்தான் எனக்கு ஞாபகம் வரும்.