கதவைத் தட்டுறது ஆர்? வெப்ஹூக்கின் சிறு வரலாறு

ஏ.எல். றிசல்ட்ஸ் வாற நாளில் பரீட்சைத் திணைக்கள இணையத்தளம் படுகிற பாடு எங்கட வயதுக்காரருக்குப் புதிசில்லை. சுட்டெண்ணை அடிச்சு, வரவில்லை என்றால் திரும்ப அடிச்சு, ஐந்து நிமிசத்துக்கொருக்கா றிஃப்ரெஷ் பண்ணி, கடைசியில தளமே படுத்துவிடும். இதற்கு மற்ற வழியும் உண்டு: நம்பரைக் குடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது, முடிவு வந்ததும் குறுஞ்செய்தி தானாக வந்து சேர்வது.

இரண்டு மென்பொருள்கள் ஒன்றோடொன்று கதைக்கிறதுக்கும் இதே இரண்டு வழிகள்தான். ஒன்று போய்ப் போய்க் கேட்கும். அல்லது மற்றது விஷயம் நடந்த நேரத்தில் தானாக வந்து சொல்லும். இந்த இரண்டாவது வழிக்குத்தான் வெப்ஹூக் என்று பேர். இந்தக் கட்டுரையில் நாங்கள் பார்க்கப்போவது அதில் ஒரு சின்னத் துண்டை: வாடிக்கையாளர் முகாமைத்துவ மென்பொருள் ஒன்றுக்குள்ள, வெளியில இருந்து வருகிற அந்தச் செய்தியை வாங்கி வைக்கிற பிளகினை.

கலைப்பீடத்து ஆக்களுக்கு இதில என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு பதிவேட்டில் ஆர் எழுதலாம்? எழுதப்பட்டது உண்மை என்று ஆர் சொல்வது? செப்பேட்டில இருந்து காணி உறுதி வரைக்கும் வரலாறு படிக்கிறவர்கள் கேட்டுவந்த கேள்வி இது. கள்ள உறுதி எழுதுகிறவர் இருக்கிற ஊரில் கள்ள வெப்ஹூக் அனுப்புகிறவரும் இருப்பார்.

இணையத்தின் அடிப்படை விதி ஒன்றை முதலில் சொல்லவேணும். ரிம் பேர்னர்ஸ்-லீ 1989க்கும் 1991க்கும் இடையில் சேர்ன் ஆய்வுகூடத்தில் அதை உருவாக்கினபோது, ஏற்பாடு கேள்வி-பதிலாகவே இருந்தது. உலாவி கேட்கும், சேர்வர் பதில் சொல்லும். கேட்காத ஒருத்தருக்குச் சேர்வர் தானாக வாய் திறக்காது. பக்கம் வாசிக்கிறதுக்கு அது தாராளம். ஆனால் காசு வந்து சேர்ந்ததா, ஒருத்தர் சந்தாவை நிறுத்தினாரா என்று அறிய வேண்டிய அலுவலகத்துக்கு அது போதாது.

அப்படியான அலுவலகங்கள் அந்த நேரத்தில் வேகமாகக் கணினிக்கு மாறிக்கொண்டிருந்தன. 1987இல் வந்த 'அக்ட்' என்ற மென்பொருள் விற்பனையாளரின் முகவரிக் குறிப்பேட்டைக் கணினிக்குள் கொண்டுவந்தது. 1993இல் சீபல், 1999இல் சேல்ஸ்ஃபோர்ஸ். ஆக்களைப் பற்றிய பதிவேடு மேசை இழுப்பறையில இருந்து நிறுவனத்தின் கணினிக்கும், அங்கிருந்து இன்னொரு நிறுவனத்தின் கணினிக்கும் போனது. பதிவேடு வளர்ந்தது, ஆனால் பக்கத்து மென்பொருளில் நடப்பது அதற்குத் தெரியாது. இரண்டையும் இணைக்க வேணுமென்றால் பெரிய காசு குடுத்து ஆக்களைப் பிடிக்கவேணும். இல்லையென்றால் ஓர் உதவியாளர் இருந்து, ஒரு திரையைப் பார்த்து மற்றத் திரையில் அடிக்கவேணும். இரண்டாவதுதான் கனகாலம் கன இடங்களில் நடந்தது. எங்கட நாட்டு அலுவலகங்களில் இன்னும் நடக்குது.

வெப்ஹூக் என்ற பேர் பிறக்கமுதலே பொருள் பிறந்துவிட்டது. 2000களின் தொடக்கத்திலேயே பேபாலிடம் 'உடனடிக் கொடுப்பனவு அறிவித்தல்' என்ற வசதி இருந்தது. சுருக்கமாக ஐ.பி.என். நீங்கள் ஒரு இணைய முகவரியைக் குடுத்து வைப்பீர்கள். ஆராவது உங்களுக்குக் காசு கட்டினால் பேபால் அந்த முகவரிக்கு விபரங்களை அனுப்பும். கேள்வி-பதில் விதி உடையவில்லை, திசைதான் மாறினது. இப்ப பேபால்தான் கேட்கிறவர், உங்கட சேர்வர்தான் பதில் சொல்கிறவர்.

அந்த முகவரி ஒரு திறந்த கதவு. உலகத்தில ஆரும் வந்து "நான் பேபால், இன்னார் நூறு டொலர் கட்டிவிட்டார்" என்று சொல்லலாம். இதற்குப் பேபால் கண்ட வழி எங்களுக்குப் பிடிச்சிருக்கு. வந்த செய்தியை அப்படியே, ஓர் எழுத்தும் மாறாமல், நீங்கள் பேபாலுக்குத் திருப்பி அனுப்பவேணும். அது தான் அனுப்பினதுதான் என்றால் 'வெரிஃபைட்' என்று சொல்லும், இல்லையென்றால் 'இன்வலிட்'. ஊரில ஒருத்தர் வந்து "மாமா சொல்லிவிட்டவர், காசைத் தரட்டாம்" என்றால் மாமாவுக்கே கோல் எடுத்துக் கேட்கிறது மாதிரி.

இதோடு அலுவல் முடியவுமில்லை. 'வெரிஃபைட்' என்றால் அந்தச் செய்தியைப் பேபால்தான் அனுப்பினது என்று மட்டும்தான் அர்த்தம். அந்தக் கொடுப்பனவு உங்களுக்கு நடந்தது என்று அர்த்தமில்லை. ஒரு கெட்டிக்காரன் தன்ர இன்னொரு கணக்குக்குத் தானே காசு கட்டிவிட்டு, அந்த உண்மையான அறிவித்தலை உங்கட கதவில கொண்டுவந்து போடலாம். அதனால் காசைப் பெற்றவரின் மின்னஞ்சல் உங்களுடையதா, தொகை சரியா, இதே கொடுப்பனவு எண் ஏற்கனவே வந்ததா என்றும் பார்க்கச் சொல்லிப் பேபாலின் ஆவணமே சொன்னது. அவசரத்தில் எழுதின ஒரு பிளகின் 'வெரிஃபைட்' என்ற சொல்லைக் கண்டதும் மற்றதை விட்டுவிடும். மெய்யான சாட்சியைப் பிழையான வழக்கில் ஏற்றுக்கொள்வது என்று இதைச் சொல்லலாம்.

பேர் வந்தது 2007இல். ஜெஃப் லின்ட்சே என்ற நிரலாளர், ஆங்காங்கே தனித்தனியாகக் கிடந்த இந்தப் பழக்கத்துக்கு வெப்ஹூக் என்று பேர் வைத்து, எல்லா இணையச் சேவைகளும் இதைக் குடுக்கவேணும் என்று வாதாடினார். ஹூக் என்றால் கொளுக்கி. அந்தச் சொல் நிரலாளருக்குப் பழையது. ட்ருபல், வேர்ட்பிரஸ் போன்றவற்றில், "இந்த வேலை நடக்கிறபோது என்னையும் கூப்பிடு" என்று ஒரு பிளகின் தன்னைக் கொளுவி வைக்கிற இடத்துக்கு அதுதான் பேர். லின்ட்சே அந்தக் கொளுக்கியை ஒரு மென்பொருளின் வீட்டுக்குள்ள இருந்து எடுத்துத் தெருவில மாட்டினார். அதற்குக் கூட்டு ஒப்பந்தமோ புதிய நெறிமுறையோ தேவையில்லை. ஒரு முகவரி இருந்தால் போதும். 2008இல் வந்த கிட்ஹப் போன்ற இடங்களில் இது நிரலாளரின் அன்றாடப் பழக்கமாகிவிட்டது.

சின்ன அமைப்புகளுக்கு இது என்ன செய்தது என்று பார்க்க, சிவிசிஆர்எம் என்ற மென்பொருளின் கதை நல்லது. அமெரிக்காவில் 2004 சனாதிபதித் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்ற ஹவார்ட் டீனுக்காக, 2003இல் தொண்டர்கள் ட்ருபலின் மேல் 'டீன்ஸ்பேஸ்' என்றொன்றைக் கட்டினார்கள். டீன் தோற்றார், மென்பொருள் தோற்கவில்லை. அது 'சிவிக்ஸ்பேஸ்' ஆகியது. ட்ருபலோடும் அதோடும் சேர்ந்து ஓடக்கூடியதாக 2005இல் சிவிசிஆர்எம் வந்தது. இலவசம், மூலநிரல் திறந்தது, இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கானது. அதன் பேரில் உள்ள 'சி' வாடிக்கையாளரைக் குறிக்காது. அமைப்போடு தொடர்புள்ள எல்லாரையும், உறுப்பினர், கொடையாளர், தொண்டர், உதவி பெறுகிறவர் என்று எல்லாரையும் குறிக்கிற ஓர் ஆங்கிலச் சொல் அது. தமிழில நேர்ச்சொல் எங்களுக்கு அகப்படவில்லை. 'எங்கட ஆக்கள்' என்பதுதான் கிட்ட வருது.

அப்படியான ஓர் அமைப்புக்கு மாதாமாதம் சிறு தொகை கட்டுகிற ஒருத்தரை எடுங்கள். முதல் மாதம் அவர் தளத்துக்கு வந்து படிவம் நிரப்புவார், அமைப்புக்குத் தெரியும். இரண்டாம் மாதத்தில இருந்து அவர் தளப்பக்கமே வரமாட்டார், காசு அட்டையில இருந்து தானாகப் போகும். அது போனது என்று அமைப்பு அறிவது கொடுப்பனவு நிறுவனம் அனுப்புகிற அறிவித்தலால் மட்டும்தான். அதை வாங்குகிற பிளகின் ஒழுங்காக வேலை செய்யாவிட்டால், காசு வங்கியில இருக்கும், பதிவேட்டில அவர் 'நிறுத்திவிட்டவர்' என்று கிடப்பார். பேந்து "ஏன் நிறுத்தினீர்கள்" என்று அவருக்கு ஒரு கடிதமும் போகும். இரண்டு வருசமாகக் காசு கட்டுகிற மனிசிக்கு அந்தக் கடிதம் கிடைச்சால் எப்படியிருக்கும் என்று யோசியுங்கள்.

ஆகவே பிளகின் செய்யிற வேலை வெளியில தெரியிறதை விடக் கூட. செய்தியை வாங்கினவுடன் "கிடைத்தது" என்ற 200 இலக்கப் பதிலைக் கெதியாகச் சொல்லவேணும். பாரமான வேலையை வரிசையில போட்டுப் பிறகு செய்யலாம். பதில் சுணங்கினால் அனுப்பினவர் போய்ச்சேரவில்லை என்று நினைத்துத் திரும்ப அனுப்புவார். ஸ்ட்ரைப் நிறுவனம் மூன்று நாள் வரைக்கும் திரும்பத் திரும்ப முயலும். இந்த நல்லெண்ணத்தின் விளைவாக ஒரே செய்தி இரண்டு தரம் வரும், ஐயாயிரம் கட்டினவரின் பேரில பத்தாயிரம் ஏறும். அதைத் தவிர்க்க, ஒவ்வொரு செய்தியின் அடையாள எண்ணையும் எழுதி வைத்து, முந்தி வந்ததா என்று பார்க்கவேணும். ஒழுங்கு மாறியும் வரலாம். 'காசு திருப்பிக் குடுக்கப்பட்டது' என்ற செய்தி 'காசு கட்டப்பட்டது' என்பதற்கு முதல் வந்து நிற்கலாம்.

இதெல்லாம் பொறியியல் பிரச்சினைகள், ஒருமாதிரித் தீர்க்கலாம். தீராத பிரச்சினை வேறொன்று: வந்த செய்தியில் உள்ளவர் பதிவேட்டில் உள்ள எந்த ஆள்?

ஆளில்லாத நேரத்தில் தானாகப் பொருத்துகிறபோது சிவிசிஆர்எம் இயல்பாகப் பாவிக்கிற விதி மின்னஞ்சல் முகவரி. முகவரி ஒன்று என்றால் ஆளும் ஒன்று. அமெரிக்காவில் பெரும்பாலும் இது சரிவரலாம். எங்கட குடும்பங்களில் தகப்பனுக்கும் தாய்க்கும் சேர்த்து மகள் ஒரு மின்னஞ்சல் திறந்து குடுத்திருப்பாள், மூன்று பேரின் கொடையும் ஒரு பேரில் போய் விழும். பேரை வைத்துப் பொருத்தலாமே என்றால் அது இன்னும் மோசம். முதற்பேர், குடும்பப்பேர் என்று இரண்டு கட்டம். எங்கள் கனபேருக்குக் குடும்பப்பேரே இல்லை, தகப்பன்ர பேர்தான் உண்டு. அது முன்னுக்கும் வரும், பின்னுக்கும் வரும், வெறும் முதலெழுத்தாகவும் வரும். ஒரே ஆள் வங்கி அட்டையில் ஒருமாதிரி, தேசிய அடையாள அட்டையில் இன்னொருமாதிரி. எந்தக் கையொப்பமும் இதைத் தீர்க்காது. செய்தி மெய்யானது என்று நிரூபித்த பிறகும் அது ஆரைப் பற்றியது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

கையொப்பம் என்று சொன்னது எச்மாக் என்ற முறையை. 1996இல் பெலாரே, கனெட்டி, கிராவ்சிக் என்ற மூவர் முன்வைத்தது. அனுப்புகிறவரிடமும் பெறுகிறவரிடமும் ஒரே இரகசியச் சொல் இருக்கும். செய்தியையும் அதையும் சேர்த்து அரைத்தால் ஒரு குறி வரும், இரகசியம் தெரியாதவரால் அதைச் செய்ய ஏலாது. மாமாவுக்குக் கோல் எடுக்கத் தேவையில்லை, கடிதத்திலேயே அவரின் முத்திரை. கிட்ஹப், ஸ்ட்ரைப் எல்லாம் இதைத்தான் பாவிக்கின்றன. ஸ்ட்ரைப் நேரத்தையும் சேர்த்து ஒப்பமிடும். பழைய கடிதத்தைக் களவெடுத்து ஆறுதலாகக் கொண்டுவந்து காட்டினாலும் எடுபடாது. இதில் பிளகின் எழுதுகிறவரைப் பிடிக்கிற பொறி ஒன்று உண்டு: குறியைக் கணிக்க வந்த எழுத்துக்கள் வந்தபடியே வேணும். மென்பொருள் இடையில் புகுந்து செய்தியைப் பிரித்துத் திரும்ப அடுக்கிவிட்டால், ஓர் இடைவெளி மாறினாலும் குறி பொருந்தாது. பொருந்தவில்லையே என்று சலித்துச் சோதனையையே நிறுத்திவிடுகிற ஆக்களும் உண்டு. கதவு திரும்பவும் திறந்தபடி.

பதிவேடு ஆருடையது என்ற கேள்வியையும் விட்டுவிட ஏலாது. 2004இல் தொடங்கிய சுகர்சிஆர்எம் திறந்த மூலநிரலோடு வந்தது. சென்னையிலிருந்து வந்த விரைகர் அதில இருந்து பிரிந்த கிளைதான். 2013இல் சுகர், இனித் திறந்த பதிப்பின் புதிய வெளியீடுகள் இல்லை என்றது. அதன் மேல் பிளகின் எழுதி வைத்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். அதே வருசம் ஸ்கொட்லாந்தின் சேல்ஸ்அஜிலிற்றி என்ற நிறுவனம் கடைசித் திறந்த நிரலை எடுத்து சூட்சிஆர்எம் என்று தொடர்ந்தது. உரிமம் அதற்கு இடம் குடுத்தபடியால்தான் அது நடந்தது.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு 2011இல் சாப்பியர் வந்தது. நடுவில் நின்று செய்தியை ஓரிடத்தில் வாங்கி மற்ற இடத்தில் குடுக்கும். வசதிதான். ஆனால் எங்கட ஆக்களின் பேரும் கொடைக் கணக்கும் மூன்றாவது ஒருத்தரின் வீட்டுக்குள்ளால போய்வருது. சின்ன அமைப்பு என்றாலும் கதவைத் தன்ர வீட்டிலேயே வைத்திருக்கிறது நல்லது என்பது எங்கட எண்ணம், பராமரிக்க ஆள் கிடைக்கிறது கஷ்டம் என்றாலும்.

பேபால் கணக்கால் இலங்கையில் இருந்து காசு அனுப்பலாம், பெற முடியாது என்ற நிலைமை நீண்ட காலம் இருந்தது. சிவிசிஆர்எம்முக்குள்ள இருக்கிற பேபால் பிளகினால் அதனால் எங்கட சங்கங்களுக்குப் பெரிசாக ஒன்றும் இல்லை. இங்கத்தைய பேஹியர் தளத்தின் ஆவணத்தைத் திறந்தால் அதே பழைய வடிவம் தெரியும். அறிவித்தலுக்கென்று ஒரு முகவரி குடுக்கவேணும். அது உங்கட மடிக்கணினியில் மட்டும் ஓடுகிற முகவரியாக இருக்கக்கூடாது, வெளியில இருந்து எட்டக்கூடியதாக இருக்கவேணும். செய்தியோடு ஒரு கையொப்பம் வரும், வணிகரின் இரகசியத்தைச் சேர்த்து எம்டி5 முறையில் அரைத்தது. நிலை எண் 2 என்றால் காசு வந்துவிட்டது, 0 என்றால் இன்னும் நிலுவையில், மைனஸ் 3 என்றால் காசு திரும்பிப் போய்விட்டது. எம்டி5 1992இல் வெளியானது, 2004இலேயே அதன் ஒரு பலவீனத்தைச் சீன ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அதனால் ஒரு கள்ளக் கையொப்பத்தைச் சும்மா செய்துவிடலாம் என்றில்லை, ஆனால் இன்று புதிதாக எழுதுகிறவர் அதைத் தெரிவு செய்யமாட்டார்.

அந்த அறிவித்தலில் ஓடர் எண் என்று ஒரு கட்டம் இருக்கு. அதில் என்ன வரவேணும் என்பதை, காசு கட்டப் போகமுதல், எங்கட பக்கத்தில இருந்து நாங்களே தீர்மானிக்கிறோம். பதிவேட்டில் அந்த ஆளின் எண்ணை அதற்குள் வைத்து அனுப்பினால், திரும்பி வருகிறபோது பேரையோ மின்னஞ்சலையோ வைத்து ஊகிக்கத் தேவையே வராது. தகப்பன்ர பேர் முன்னுக்கா பின்னுக்கா என்று பிளகின் யோசிக்கவும் வேண்டியதில்லை.