அன்று வகுப்பில் சொல்லாமல் விட்ட பதில்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பழைய மாணவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கே தலை நரைத்துவிட்டது. "சார், ஒன்பதாவது படிக்கும்போது உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றார். எனக்கு இல்லை. அவருக்கு நன்றாகவே இருந்தது. "இங்கிலாந்து ராஜா வேண்டாம்னு சண்டை போட்டு ஜெயிச்ச பதிமூணு மாநிலமும், நாலஞ்சு வருஷத்துல எதுக்கு சார் தங்களுக்கு மேல இன்னொரு அரசாங்கத்தை உட்கார வெச்சுக்கிட்டாங்க?" அதற்கு நான் சொன்ன பதிலையும் அவரே சொல்லிவிட்டார்: "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காருடா."

வெட்கமாகத்தான் இருந்தது. பாடத்தில் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியதே அதுதான்.

1781இல் அமெரிக்க மாநிலங்கள் ஒரு தளர்வான கூட்டமைப்பாகச் சேர்ந்தன. அதன் காங்கிரஸ் போர் தொடுக்கலாம், கடன் வாங்கலாம். வரி மட்டும் போட முடியாது. மாநிலங்களிடம் கேட்கலாம், கொடுத்தால் உண்டு. விதியைத் திருத்த வேண்டுமென்றால் பதின்மூன்றும் சம்மதிக்க வேண்டும். இறக்குமதிக்கு ஐந்து சதவீத வரி போடலாம் என்றார்கள். 1782இல் ரோட் ஐலண்ட் என்ற சின்னஞ்சிறு மாநிலம் முடியாது என்றது, கதை முடிந்தது. மறுபடி முயன்றபோது நியூயார்க் தடுத்தது. 1786இல் மாசசூசெட்ஸ் விவசாயிகள் கடனும் வரியும் தாங்காமல் நீதிமன்றங்களை மறித்தார்கள். அவர்களில் பலர் சுதந்திரப் போரில் சண்டையிட்டவர்கள். அதை அடக்கப் படை திரட்டக் காங்கிரஸிடம் காசில்லை; பாஸ்டன் வியாபாரிகள் பணம் போட்டுத்தான் மாநிலப் படை கிளம்பியது.

இந்தப் பயத்தோடுதான் 1787 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் கூடினார்கள். பழைய விதிகளைத் திருத்தத்தான் அழைப்பு. செப்டம்பரில் வெளியே வந்தது முழுக்கப் புதிய அரசியலமைப்பு. பதின்மூன்றும் வேண்டாம், ஒன்பது மாநிலம் ஏற்றால் போதும் என்றும் எழுதிக்கொண்டார்கள். எதிர்த்தவர்களுக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு.

அதற்கு ஆதரவாக ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதினார்கள். பத்தாவது மேடிசனுடையது. குடியரசு சிறிய நாட்டில்தான் நிலைக்கும் என்று மாண்டெஸ்கியூ சொன்னதைத்தான் அன்று பலரும் நம்பினார்கள். மேடிசன் அதைத் திருப்பிப் போட்டார். சின்ன ஊரில் ஒரு பெரிய குடும்பம் வைத்ததுதான் சட்டம், மற்றவர்கள் வாய் திறக்க முடியாது. நாடு பெரிதானால் கட்சிகளும் நலன்களும் பலவாகும், ஒரே கும்பல் பெரும்பான்மையாகித் திரண்டு மற்றவர்களை நசுக்குவது கடினம் என்பது அவர் வாதம். ஓய்வு பெற்ற பிறகுதான் இதை நிதானமாகப் படித்தேன். நிமிர்ந்து உட்கார வைத்த வாதம்.

ஆனாலும் எனக்குப் பிடித்தவர் எதிர்த்தரப்பில் இருக்கிறார். மெலாங்டன் ஸ்மித், நியூயார்க் வியாபாரி. 1788 ஜூன் 17 அன்று பொகிப்சி என்ற ஊரில் நியூயார்க்கின் மாநாடு கூடியது. தேர்வான 65 பேரில் 46 பேர் அரசியலமைப்பை எதிர்த்தவர்கள். ஸ்மித் எழுந்து கேட்டார்: இவ்வளவு பெரிய தேசத்துக்கு முதல் பிரதிநிதிகள் சபையில் 65 பேர்தானா? அவ்வளவு பெரிய தொகுதியில் பணமும் பெயரும் உள்ளவன்தான் ஜெயிப்பான். வரியின் வலி தெரிந்த நடுத்தர விவசாயி உள்ளே வரவே மாட்டான். அடிமைகளை ஐந்துக்கு மூன்று என்று கணக்கிட்டு அவர்களுடைய எசமானர்களின் மாநிலங்களுக்குக் கூடுதல் இடம் தருவதையும் அவர் தட்டிக் கேட்டார். ஹாமில்டன் எண்ணிக்கை முக்கியமில்லை, நல்ல நிர்வாகம் நடந்தால் மக்களுக்கு நம்பிக்கை தானே வரும் என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மாநாடு நடக்கும்போதே குதிரையில் செய்தி வந்தது. ஜூன் 21இல் நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவது மாநிலமாக ஏற்றுவிட்டது. நான்கு நாள் கழித்து வர்ஜீனியாவும் 89க்கு 79 என்று ஏற்றது. இனி ஒன்றியம் வேண்டுமா என்பதல்ல கேள்வி, நியூயார்க் மட்டும் வெளியே தனியாக நிற்பதா என்பதுதான். ஸ்மித் யோசித்தார். தன் ஆட்சேபங்களில் ஒன்றையும் விடவில்லை. உள்ளே போய்த் திருத்துவோம் என்று முடிவு செய்து ஆதரவாக வாக்களித்தார். ஜூலை 26, முடிவு 30க்கு 27. கூடவே ஒரு நீண்ட திருத்தப் பட்டியலும் போயிற்று.

உரிமைப் பட்டியல் எதுவும் தேவையில்லை என்று 84ஆம் கட்டுரையில் வாதாடியவர் ஹாமில்டன். மேடிசனுக்கும் முதலில் அதில் ஆர்வமில்லை. ஆனால் பல மாநிலங்களிலிருந்து வந்த நெருக்கடியில் 1789இல் அவரே திருத்தங்களைச் சபையில் முன்வைத்தார். பேச்சு, பத்திரிகை, மத வழிபாடு, ஜூரி விசாரணை என்று இன்று அமெரிக்கர்கள் மேற்கோள் காட்டும் உரிமைகள் 1791 டிசம்பரில் இப்படித்தான் வந்தன. அடிமைக் கணக்கு மட்டும் அப்படியே கிடந்தது. அடிமைகளை இறக்குமதி செய்வதைக்கூட 1808 வரை தடுக்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள்.

பந்தியில் இதில் பாதி சொல்வதற்குள் பாயசம் வந்துவிட்டது. கை கழுவும்போது அவர், "அந்த ரோட் ஐலண்ட் என்ன ஆச்சு சார்?" என்றார். 1790 மே மாதம் வரை முறுக்கிக்கொண்டு வெளியே நின்றது, தம்பி. வாஷிங்டன் ஜனாதிபதியாகி ஒரு வருஷம் ஆன பிறகு வந்து சேர்ந்தது. 34க்கு 32.