கட்டி சார்க்: வேகத்துக்குப் புகழ்பெற்ற கப்பலும் அதில் உழைத்தவர்களும்

இலண்டன் கிரீனிச்சில் தேம்ஸ் நதிக்கரையோரம் நிற்கும் பழைய பாய்க்கப்பலின் பெயர் கட்டி சார்க். இலண்டனில் வாழும் நம்மவர்கள் பலர் அதன் முன்னால் நின்று படம் எடுத்திருப்பார்கள். தேயிலைக்காலக் கப்பல்களில் மிக வேகமானவற்றுள் ஒன்று என்றுதான் எல்லோரும் அதைச் சொல்வார்கள். அந்த வேகத்தைவிட, 1880இல் அதன் தளத்தில் அடித்துக் கொல்லப்பட்ட ஒரு மாலுமியின் கதையே என்னை அதிகம் பாதித்தது. அந்தக் கதை விளங்க, கப்பலில் வேலை எப்படி நடந்தது என்று முதலில் பார்க்கவேண்டும்.

ஜோன் வில்லிஸ் என்ற இலண்டன் கப்பல் முதலாளிக்காக ஸ்கொட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டப்பட்ட கப்பல் இது. கட்டத் தொடங்கிய நிறுவனம் இடையில் முறிந்துபோக, வேறொரு நிறுவனம் வேலையை முடித்தது. 1869 நவம்பர் 22ஆம் திகதி தண்ணீரில் இறக்கினார்கள். அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னர்தான் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. நீராவிக் கப்பல்களுக்குச் சீனப் பாதை பல ஆயிரம் மைல்கள் குறைந்தது. செங்கடலின் காற்றோட்டம் பாய்க்கப்பல்களுக்கு ஒத்துவராது; அவை ஆபிரிக்காவைச் சுற்றியே வரவேண்டும். அதனால் பிறந்த வாரமே அதன் பிழைப்புக்கு ஆபத்து வந்துவிட்டது. எட்டுத் தடவைகள் சீனத் தேயிலை ஏற்றியது. கடைசி ஏற்றுமதி 1877இல்.

இரும்புச் சட்டத்தின்மேல் மரப்பலகை அறைந்த உடல். பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க, நீருக்குக் கீழே செம்பு கலந்த உலோகத் தகடு. பாய்களின் மொத்தப் பரப்பு சுமார் 32,000 சதுர அடி, கயிறுகளின் மொத்த நீளம் 11 மைல். இத்தனையையும் ஏறி, இழுத்து, கட்டி, அவிழ்த்தவர்கள் முப்பது பேருக்கும் உட்பட்டவர்கள்தான்.

ஆட்கள் இரண்டு பிரிவாக, நான்கு மணித்தியாலம் வேலை, நான்கு மணித்தியாலம் ஓய்வு என்று மாறிமாறி நிற்பார்கள். ஒரே பிரிவு தினமும் நள்ளிரவில் மாட்டுப்படாமலிருக்க, பின்னேரம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரையான நேரத்தை இரண்டாக வெட்டியிருந்தார்கள். நான்கு மணித்தியாலம் தொடர்ந்து தூங்குவதே அரிது. காற்று மாறினால் ஓய்விலிருப்பவர்களும் ஓடிவந்து, ஆடும் பாய்மரத்தில் ஏறவேண்டும். பாய்களில் வேலை இல்லாத நேரத்தில் தளம் தேய்ப்பு, கயிறு பின்னல், தார் பூசல். உணவு உப்பிட்ட மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும், பட்டாணிச் சூப்பும், கல்லுப்போன்ற பிஸ்கட்டும். வைட்டமின் குறைவால் வரும் ஸ்கர்வி நோயைத் தடுக்கத் தேசிக்காய்ச் சாறு கொடுக்கவேண்டும் என்பது சட்டம். மாதச் சம்பளம் இரண்டு, மூன்று பவுண். முற்பணம் பெரும்பாலும் துறைமுகத் தங்குவிடுதிக் கடனிலேயே கரைந்துவிடும். கடலில் கட்டளையை மறுத்தால் அது சட்டப்படி குற்றம்.

1872இல் தேர்மோபிலே என்ற கப்பலுடன் ஒரே நாளில் ஷங்காயிலிருந்து புறப்பட்டது. இந்து சமுத்திரத்தில் ஏறக்குறைய 400 மைல்கள் முந்தியிருந்தபோது புயலில் சுக்கான் கழன்றுபோனது. கப்பலிலிருந்த முதலாளியின் சகோதரர் துறைமுகத்துக்குள் போகச் சொன்னார். கப்டன் ஜோர்ஜ் மூடி சம்மதிக்கவில்லை. கொந்தளிக்கும் கடலில், தளத்தில் உலை மூட்டி இரும்பு அடித்து, தச்சர் ஹென்றி ஹென்டர்சன் புதிய சுக்கான் செய்தார். இலண்டனுக்கு ஒரு வாரம் பிந்தித்தான் வந்தார்கள். ஆனாலும் கப்பலின் புகழில் பெரும்பங்கு இந்தத் தோல்வியிலிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தேயிலை போனபின் கிடைத்த சரக்கையெல்லாம் ஏற்றவேண்டி வந்தது. 1880இல் குறைந்த ஆட்களுடன் ஓட்டுவதற்காகப் பாய்மரங்களைக் குறுக்கினார்கள். அதே ஆண்டு வேல்ஸின் பெனார்த்தில் நிலக்கரி ஏற்றி, ஜப்பானில் நின்ற அமெரிக்கக் கடற்படைக்கெனப் புறப்பட்டது. முதல் அதிகாரி சிட்னி சிமித் என்ற பெயரில் ஏறியவர். உண்மைப் பெயர் ஜோன் அன்டர்சன். மாலுமிகளில் ஒருவர் ஜோன் பிரான்சிஸ், கறுப்பினத்தவர். ஒரு கயிற்றைத் தளர்த்தச் சொன்ன கட்டளையை பிரான்சிஸ் நிறைவேற்றவில்லை என்று தகராறு. நங்கூரச் சக்கரத்தைச் சுழற்றும் கனத்த தடியால் அதிகாரி அவர் தலையில் அடித்தார். பிரான்சிஸ் இறந்துபோனார், உடலைக் கடலில் இறக்கினார்கள்.

யாவாவின் அஞ்சரில் கப்பல் நின்றபோது, அதிகாரியை ஓர் அமெரிக்கக் கப்பலுக்குத் தப்பவிட்டார் கப்டன் வாலஸ். மாலுமிகள் கொதித்தார்கள், வேலை செய்ய மறுத்தார்கள். பயிலுநர் ஆறு பேரையும் தச்சர், சமையற்காரர் போன்ற சிலரையும் வைத்துக்கொண்டு கப்டன் புறப்பட்டார். யாவாக் கடலில் காற்றே இல்லை. மூன்று நாட்கள் அசையாமல் கிடந்த கப்பலிலிருந்து கப்டன் கடலில் குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார். அதிகாரி இரண்டு ஆண்டுகளின் பின் இலண்டனில் பிடிபட்டார். 1882 ஓகஸ்டில் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் அதைத் திட்டமிட்ட கொலை அல்ல என்று கொண்டு ஏழு ஆண்டுச் சிறை விதித்தது. எழுத்தாளர் ஜோசப் கொன்ராட் இந்தச் சம்பவத்தை வைத்து ஒரு கதை எழுதினார். அந்தக் கதையில் அனுதாபம் முழுவதும் தப்பியோடும் அதிகாரி மீதுதான். இறந்தவர் அங்கே ஒரு காரணம் மட்டுமே.

அடுத்து வந்த கப்டன் புரூஸின் கீழும் நிலைமை தேறவில்லை. மாலுமிகள் அரைப்பட்டினியாக நியூயோர்க் சேர்ந்தார்கள். விசாரணையில் கப்டன் இடைநிறுத்தப்பட்டார்.

நல்ல காலம் 1883இல் அவுஸ்திரேலியக் கம்பளியுடன் வந்தது. கம்பளி ஏற்றி, தென்கடலின் பலத்த மேற்குக் காற்றில் கேப் ஹோர்ன் முனையைச் சுற்றி வீடு திரும்புவது இந்தக் கப்பலுக்கென்றே அமைந்த வேலை. ரிச்சர்ட் வுட்ஜெட் 1885இலிருந்து பத்து ஆண்டுகள் கப்டனாக இருந்தார். முதல் பயணத்திலேயே சிட்னியிலிருந்து 73 நாட்களில் இங்கிலாந்து வந்தார். 1889 யூலையில் பிரித்தானியா என்ற நீராவித் தபால் கப்பலை இரவோடிரவாக முந்திச் சென்றார்.

1895இல் கப்பல் போர்த்துக்கீசரிடம் விற்கப்பட்டு, ஃபெரெய்ரா என்ற பெயரில் ஓடியது. 1922இல் கப்டன் டௌமன் வாங்கி மீட்டார். 1938இல் மாணவர்களைப் பழக்கும் கப்பலாகத் தேம்ஸுக்கு வந்தது. வல்வெட்டித்துறையின் அன்னபூரணி அமெரிக்காவின் குளொஸ்டர் துறையைச் சென்றடைந்ததும் அதே ஆண்டில்தான். 1954இல் கிரீனிச் உலர்துறைக்குள் கொண்டுவந்தார்கள். 2007இல் தீப்பிடித்தபோது பாய்மரங்களும் பலகைகளில் கணிசமான பகுதியும் திருத்தத்துக்காகக் கழற்றப்பட்டிருந்ததால் தப்பின.

அடுத்த முறை போகிறவர்கள் மேல்தளத்து அறைகளில் மாலுமிகளின் படுக்கைகளையும் எட்டிப் பாருங்கள். ஓர் ஆள் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாத ஒடுக்கமான மரப்பெட்டிகள் அவை.