வென்றவன் விட்டுச் சென்றது

நெடும் பயணத்தில் முதல் நாளுக்கு உள்ள மரியாதை கடைசி நாட்களுக்குக் கிடைப்பதில்லை. பணப்பை மெலிந்துவிடுகிறது, எல்லோருக்கும் வீட்டு ஞாபகம் வந்துவிடுகிறது. "வந்ததற்கு அடையாளமாக ஏதாவது எடுத்துப் போக வேண்டாமா?" என்ற கேள்வி பிறப்பதும் அப்போதுதான்.

கர்நாடகத்தில் பட்டடக்கல், பாதாமி வரை போய்ப் பெங்களூர்ச் சாலை வழியே சென்னை திரும்பிய நாங்கள், கடைசி இரண்டு நாட்களைக் காஞ்சிபுரத்துக்கென்று வைத்திருந்தோம். முதல் நாள் பட்டுக்கு. புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, இழையோடு இழை கோக்கும் கோர்வை வேலையை ஒரு நெசவாளர் வீட்டில் பார்த்தோம். தறியில் இருவர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. மனைவிக்கு ஒரு புடவை, பெண்ணுக்கு ஒன்று. பெண் அடுத்த மாதம் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். மூவரும் ஒரே காரில் இத்தனை நாள் சுற்றுவது இனி எப்போதோ!

மறுநாள், ஊருக்கு மேற்கே கைலாசநாதர் கோயில். இராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. 58 சிறு சந்நிதிகள் அதைச் சுற்றி நிற்கின்றன. முன்மண்டபத்துத் தூண் ஒன்றில் பழைய கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவன் கோயிலில் கன்னடத்துக்கு என்ன வேலை?

642-ல் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்த கதையைக் கல்கியைப் படித்த வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாதாபிதான் இன்றைய பாதாமி. அங்கே வீழ்ந்த இரண்டாம் புலிகேசி, 733-ஐ ஒட்டிப் பட்டத்துக்கு வந்த இரண்டாம் விக்கிரமாதித்தனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன். தலைமுறைப் பகையோடு காஞ்சிக்குள் நுழைந்த அந்தச் சளுக்கியன், நகரைக் கொளுத்தியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவனோ இக்கோயிலின் பெருஞ்செல்வத்தைப் பார்த்தான். எடுத்துக் கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான். தூணில் உள்ள செய்தி இதுதான். அவன் சாது அல்ல, போருக்கு வந்தவன். மாண்டவர்கள் மாண்டவர்கள்தான். ஆயினும் கை ஓங்கிய இடத்தில் கையை இறக்கினான்.

"ஜெயிச்சவன் ஒண்ணும் எடுத்துக்காமப் போனான்னா, அப்புறம் எதுக்குப்பா வந்தான்?" என்று கேட்டாள் பெண்.

"பட்டடக்கல் ஞாபகம் இருக்கா?" என்றேன்.

ஐந்து நாட்களுக்கு முன் நாங்கள் அங்கே நின்றோமே, அந்த விரூபாட்சர் கோயில்! காஞ்சியை மூன்று முறை வென்றதன் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி எழுப்பியது. அதன் அமைப்பில் கைலாசநாதர் கோயிலின் சாயலைக் கலை அறிஞர்கள் காண்கிறார்கள். அதைக் கட்டிய தச்சன் குண்டனின் பெயரும் அங்கே கல்லில் இருக்கிறது. பிறகு சளுக்கிய அரசு சாய்ந்தது, இராட்டிரகூடர் வந்தார்கள். அவர்களில் முதலாம் கிருஷ்ணன் காலத்தில் எல்லோராவில் மலையைக் குடைந்தெடுத்த கைலாசத்தில் விரூபாட்சரின் சாயல் தெரிகிறது.

காஞ்சியின் பொன்னை மூட்டை கட்டியிருந்தால் அடுத்த படையெடுப்பில் அது உருகியிருக்கும். அவன் கண்ணில் வாங்கிச் சென்றதோ பட்டடக்கல்லில் ஒரு கோயிலாக, எல்லோராவில் ஒரு மலையாக இன்றும் நிற்கிறது. அப்படி எடுத்துச் சென்றதால் காஞ்சிக்கு ஒரு கல்கூடக் குறையவில்லை.